ஷாமன்களின் செதுக்கு அணிகள்: அருங்காட்சியகத்தில் இருப்பதும் ஏலத்தில் விற்பதும் ஒன்றுதானா?

கடலாடி:

அனைவருக்கும் வணக்கம். அலாஸ்காவின் தென்கிழக்குக் கரையில் வாழும் டிலிங்கிட் மக்களின் கலையைப் பற்றிச் சில காலமாகப் படித்து வருகிறேன். குலக்கம்பங்களையும் முகமூடிகளையும் விட என்னை அதிகம் ஈர்த்தவை, ஷாமன்கள், அதாவது ஆவிகளின் துணையோடு நோய் தீர்க்கும் பூசாரிகள், அணிந்திருந்த சிறு செதுக்கல்கள்தாம். திமிங்கிலப் பல்லிலும் கரடிப் பல்லிலும் மான்கொம்பிலும் செய்யப்பட்ட அவற்றில் ஒரு விலங்கின் வால் முடியும் இடத்தில் இன்னொரு விலங்கின் முகம் தொடங்குகிறது. அந்த முகத்தின் வாய்க்குள்ளிருந்து ஒரு மனிதன் எட்டிப் பார்க்கிறான். எந்த உருவம் எங்கே முடிகிறது என்று பிரித்தறிவதற்கே வெகுநேரம் ஆகிறது.

இவை நம்மவர்கள் கட்டிக்கொள்ளும் தாயத்தைப் போல யாரும் அணியக்கூடிய காப்புப் பொருள்களா, அல்லது ஷாமனுக்கு மட்டுமே உரியவையா? நீர்நாயும் ஆக்டோபசும் ஏன் திரும்பத் திரும்ப வருகின்றன?

நடைமுறை சார்ந்த கேள்வி ஒன்றும் இருக்கிறது. இணைய ஏலத் தளம் ஒன்றில், "19ஆம் நூற்றாண்டு டிலிங்கிட் ஷாமன் அணி, கல்லறை வீட்டிலிருந்து கிடைத்தது" என்ற குறிப்புடன் ஒரு பல் செதுக்கல் விற்பனைக்கு வந்துள்ளது. விலை என் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டுகிறது. இருந்தும் சபலம் விடவில்லை. நான் அமெரிக்காவில்தான் வசிக்கிறேன். அது உண்மையான பொருளா என்று எப்படி அறிவது, உண்மையானதாகவே இருந்தால் வாங்குவது முறையா என்பதை விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பனிக்கரை:

தாயத்து என்பது அணிபவரைக் காப்பது. மந்திரித்துத் தருபவர் ஒருவர், கட்டிக்கொள்பவர் வேறொருவர். டிலிங்கிட் ஷாமனின் அணி அப்படிப்பட்டதன்று, அது அவருடைய தொழிற்கருவி. அவர் அதைக் கழுத்து மாலையில் கோத்துக்கொண்டார் அல்லது தோலாடையில் தைத்துக்கொண்டார். ஆடும்போது எலும்பும் தந்தமும் ஒன்றோடொன்று மோதி எழுப்பிய ஒலியும் சடங்கின் ஒரு பகுதியாகவே இருந்தது. நோயாளியின் உடம்பில் வலியுள்ள இடத்தில் வைப்பதும், சில வேளைகளில் அவரிடமே விட்டுச் செல்வதும் உண்டு. ஆனால் வலிமை அந்தப் பல்லிலோ கொம்பிலோ தங்கியிருப்பதாக அவர்கள் கருதவில்லை. அது ஷாமனுக்குத் துணை நின்ற ஆவிகளுடையது. "யேக்" என்று அழைக்கப்படும் அந்த ஆவிகள் குலத்துக்கு உரியவை. ஒரு ஷாமன் இறந்தால் அவை அதே குலத்தில் இன்னொருவரை, பெரும்பாலும் அவருடைய சகோதரி மகனை, வந்தடையும். டிலிங்கிட் மக்கள் தாய்வழிக் குலத்தினர் என்பதால் மருமகனே வாரிசு.

நீங்கள் கேட்ட நீர்நாய்க்கான விடையும் இதற்குள்தான் இருக்கிறது. ஆவியைப் பெற விரும்பும் இளைஞன் காட்டுக்குள் சென்று உணவை ஒறுத்து, டெவில்ஸ் கிளப் என்ற முட்புதரின் பட்டையைத் தின்று உடலைத் தூய்மைப்படுத்திக்கொண்டு காத்திருப்பான். நோன்பு பலித்தால் ஒரு விலங்கு அவன் எதிரே வந்து தானாகவே விழுந்து இறக்கும் என்றும், அதன் நாக்கை அறுத்துப் பொதிந்து வைத்துக்கொண்டால் அந்த ஆவியின் வலிமை அவனுக்கு வந்துவிடும் என்றும் நம்பினர். அந்த விலங்குகளில் முதலிடம் ஆற்று நீர்நாய்க்குத்தான். நிலத்திலும் நீரிலும் ஒருசேர வாழும் அதை மற்றவர்கள் அஞ்சி ஒதுங்கினர். கடலில் மூழ்கியவர்களையும் காட்டில் வழி தவறியவர்களையும் நீர்நாய் மனிதர்கள் கவர்ந்து சென்று தம்மைப் போலவே ஆக்கிவிடுவார்கள் என்ற அச்சம் அங்கே ஆழமாக வேரூன்றியிருந்தது. அவர்களைக் குறிக்கும் குஷ்டகா என்ற பெயரை இன்றும் அங்கே கேட்கலாம். எல்லாரும் அஞ்சும் ஒன்றைத் தனக்குத் துணையாக்கிக்கொண்டவரே ஷாமன்.

செதுக்கல்களில் ஒரு உருவத்தின் நீட்டிய நாக்கு இன்னொன்றின் வாயைத் தொடுவதைப் பார்த்திருப்பீர்கள். வலிமை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாய்வதை அது காட்டுகிறது. ஓரத்தில் வரிசையாகச் சிறு வட்டங்கள் தெரிந்தால் அவை ஆக்டோபசின் உறிஞ்சிகள். முழு உடலையும் காட்டாமல் அந்த வட்டங்களைக் கொண்டே ஆக்டோபசைக் குறித்துவிடுவது செதுக்குபவர்களின் வழக்கம். படகு வடிவ அணிகளும் உண்டு. இரு முனைகளிலும் கடல் விலங்கின் தலைகளும் நடுவில் நெருக்கியடித்து உட்கார்ந்த ஆவிகளுமாக இருக்கும் அவை, ஷாமன் ஆவிகளோடு மேற்கொள்ளும் பயணத்தைக் குறிப்பவை. கைகளைப் பின்னால் கட்டிய நிலையில் உள்ள மனித உருவம் சூனியம் வைத்தவராகக் குற்றம் சாட்டப்பட்டவர். நோய்க்குக் காரணமான சூனியக்காரரைக் கண்டுபிடிப்பதும் ஷாமனின் வேலைதான், அந்த வேலை குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கொடியதாகவே முடிந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கையில் ஏந்தும் கிலுகிலுப்பையிலும் இந்த வேறுபாட்டைக் காணலாம்: அண்டங்காக்கை வடிவக் கிலுகிலுப்பை குலத்தலைவர்களுடையது; பாறைகளில் சிப்பிகளைக் கொத்தித் தின்னும் நீண்ட அலகுடைய கரையோரப் பறவையின் வடிவில் அமைந்தது ஷாமனுடையது.

மற்றவர்களை எரியூட்டிய அந்தச் சமூகம் ஷாமனை மட்டும் எரிக்கவில்லை. உடலை வீட்டின் மூலைகளில் ஓரிரவுக்கு ஒரு மூலையாக நான்கு இரவுகள் கிடத்தி, பிறகு ஊருக்கு அப்பால் கடல் நோக்கிய ஒரு முனையில் சிறு மரவீடு கட்டி அதனுள் வைத்தனர். கருவிகளில் சில வாரிசுக்குப் போயின, மற்றவை அவருடனேயே தங்கின. ஊரார் அந்தப் பக்கமே போகமாட்டார்கள். உங்கள் ஏலக் குறிப்பில் பெருமையாகப் போட்டிருக்கும் "கல்லறை வீடு" என்பது இதுதான்.

உளிமுனை:

பனிக்கரை அவர்கள் நம்பிக்கையை விளக்கிவிட்டதால் நான் பொருளைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

கரை நெடுகிலும் உள்ள ஷாமன் பொருள்களில் எனக்கு மிகவும் பிடித்தது, தெற்கே கனடாக் கரையில் வாழும் சிம்ஷியன் மக்களின் உயிர்பிடிப்பான். கரடியின் தொடை எலும்பை இரு முனைகளிலும் அறுத்துக் குழலாக்கி, ஒவ்வொரு முனையையும் வாய் பிளந்த விலங்குத் தலையாகச் செதுக்கி, நடுவில் ஒரு முகத்தை அமைத்து, கண்களிலும் பற்களிலும் நீலப்பச்சையாக மின்னும் அபலோன் சிப்பியைப் பதித்திருப்பார்கள். நோயாளியின் உடலைவிட்டு அலைந்து திரியும் உயிரை ஷாமன் தேடிச் சென்று குழலுக்குள் பிடித்து, நாராக உரித்த தேவதாரு மரப்பட்டையால் இரு வாயையும் அடைத்துக் கொண்டுவந்து, மீண்டும் உடலுக்குள் செலுத்துவார். அந்த விலங்கு வாய்கள் அவ்வளவு அகலமாகத் திறந்திருப்பதற்கு இந்த வேலையே காரணம்.

போலியைக் கண்டுபிடிக்க இணையத்தில் சொல்லப்படும் உத்திகளில் பாதி பயனற்றவை. உலோகக் கருவியின் தடம் தெரிந்தால் போலி என்பார்கள். ஆனால் ஐரோப்பியக் கப்பல்கள் வருவதற்கு முன்பே, அலைகள் கரையில் ஒதுக்கிய சிதைவுகளிலிருந்து இரும்பை எடுத்துக் கருவி செய்தவர்கள் இம்மக்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து வணிகர்கள் வழியாக இரும்பு தாராளமாகக் கிடைத்தது. அந்த ஊர்ச் சிப்பி பதிக்கப்படவில்லை என்பதும் குறையன்று: வடக்கே கிடைக்கும் அபலோன் ஓடு மெல்லியது, தடித்த ஓடு கலிபோர்னியாவிலிருந்து வணிகத்தில் வந்தது. பழுப்பேறிய நிறத்தைத் தேநீரிலும் புகையிலும் ஒரே வாரத்தில் ஏற்றிவிடலாம்.

நான் பார்ப்பது தேய்மானத்தை. கழுத்தில் பல்லாண்டு தொங்கிய அணியில் கயிறு நுழைந்த துளை மேல்பக்கமாக இழுபட்டு நீள்வட்டமாகியிருக்கும். மேடான மூக்கும் புருவமும் மழுங்கியிருக்க, பள்ளங்களுக்குள் உளித்தடம் கூர்மையாகவே இருக்கும். எல்லா இடமும் ஒரே அளவில் தேய்ந்திருந்தால் அது உப்புத்தாளின் கைவரிசை. இதையும் கைதேர்ந்தவன் பொய்யாகச் செய்துவிட முடியும் என்பதால், இறுதியில் நம்பத்தக்கது எழுத்து ஆவணம்தான்: யார் எந்த ஆண்டில் எங்கே வாங்கினார், அதன்பின் யார் யார் கைக்கு மாறியது என்ற தொடர்.

இங்கே உங்களுக்கு ஒரு சட்டச் சிக்கலும் உண்டு. திமிங்கிலப் பல்லாக இருந்தால், 100 ஆண்டு கடந்தது என்பதற்கு ஆவணம் இல்லாமல் அமெரிக்காவில் மாநிலம் விட்டு மாநிலம் விற்க முடியாது. கல்லறை வீடு கூட்டரசு நிலத்தில் இருந்து, அனுமதியின்றி எடுக்கப்பட்டிருந்தால், 1979ஆம் ஆண்டின் தொல்லியல் வளப் பாதுகாப்புச் சட்டம் விற்பவரோடு வாங்குபவரையும் குற்றவாளியாக்கும். தென்கிழக்கு அலாஸ்காவில் பெரும்பரப்பு கூட்டரசின் காட்டு நிலம் என்பதை நினைவில் கொள்ளுங்கள். ஆக, விற்பவர் சொல்வது பொய்யானால் உங்கள் பணம் போகிறது, உண்மையானால் வழக்கு வருகிறது.

செம்மண்மேடு:

நியூ மெக்சிகோவில் வசிப்பவன் என்ற முறையில் இங்குள்ள ஜூனி பழங்குடி மக்களைப் பற்றி எழுதுகிறேன், ஏனெனில் கடலாடி அவர்களின் இறுதிக் கேள்விக்கு அங்கே தெளிவான விடை இருக்கிறது.

ஜூனிகளின் சிறு கல் விலங்குகளை இந்தப் பக்கம் எல்லாக் கடைகளிலும் காணலாம். ஃபிராங்க் ஹாமில்டன் குஷிங் என்ற மானிடவியலாளர் 1879 முதல் 1884 வரை ஜூனி ஊரில் தங்கி, 1883இல் இவற்றைப் பற்றி விரிவாக எழுதினார். ஆறு திசைகளுக்கு ஆறு வேட்டை விலங்குகள்: வடக்கே மஞ்சள் மலைச்சிங்கம், மேற்கே நீலக் கரடி, தெற்கே சிவப்பு பேட்ஜர், கிழக்கே வெண்ணிற ஓநாய், மேலே பல நிறக் கழுகு, கீழே கரிய அகழெலி. இயற்கையிலேயே விலங்கின் சாயலில் கிடைத்த கல்லைச் சற்றே செதுக்கித் துலக்கியவையே பழைய காலத்தில் மிக உயர்வாக மதிக்கப்பட்டன. சடங்குக்குரியவற்றின் முதுகில் அம்பு முனையையும் மணிகளையும் தசைநாரால் கட்டி, பானைக்குள் வைத்து, சோளமாவு ஊட்டிப் பராமரிப்பார்கள். அவை விற்பனைக்கு வருவதில்லை.

கடையில் இருப்பது அதே ஊர்ச் சிற்பிகள் விற்பதற்காகவே செதுக்கியது. சர்ப்பென்டைன், டர்க்காய்ஸ், கரிய ஜெட் எனப் பலவகைக் கல்லில் செய்கிறார்கள். வாயிலிருந்து நெஞ்சுவரை ஓடும் அம்புக்கோடும் இருக்கும். சடங்கு மட்டும் செய்யப்பட்டிருக்காது. பல குடும்பங்களுக்கு அதுவே வருமானம் என்பதால் தயங்காமல் வாங்கலாம். செதுக்கியவர் பெயரைக் கேட்டு வாங்குங்கள். பழங்குடியினர் செய்ததாகப் பொய் சொல்லி விற்பவருக்கு 1990ஆம் ஆண்டின் கைவினைச் சட்டப்படி முதல் குற்றத்துக்கே 5 ஆண்டுவரை சிறையும் 2,50,000 டாலர்வரை அபராதமும் விதிக்கலாம். இருந்தும் வெளிநாட்டுப் போலிகள் சந்தையில் குவிந்துதான் கிடக்கின்றன.

இதற்கு நேர்மாறானவை அஹயூடா எனப்படும் இரட்டைப் போர்த்தெய்வங்களின் மர உருவங்கள். குளிர்காலக் கதிர்த் திருப்பத்தின்போது மான் குலமும் கரடி குலமும் அவற்றைச் செய்து, திறந்தவெளிக் கோயிலில் நிறுவுவார்கள். புதியது வந்ததும் பழையது பக்கத்தில் ஒதுக்கப்பட்டு, மழையிலும் வெயிலிலும் மெல்ல மெல்ல மட்கி மண்ணோடு கலக்கும். அவை ஊருக்கே பொதுவானவை. தனியொருவர் விற்கவோ கொடுக்கவோ முடியாது. எனவே வெளியே உள்ள ஒவ்வொன்றும் திருடப்பட்டதே என்பது ஜூனிகளின் வாதம். 1978இல் ஒன்று ஏலத்துக்கு வந்ததை அறிந்து அவர்கள் மீட்கத் தொடங்கினர். டென்வர் கலை அருங்காட்சியகம் 1980இல் திருப்பித் தர ஒப்புக்கொண்டது, ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் 1987இல் தந்தது. 1992க்குள் 69 உருவங்கள் ஊர் திரும்பிவிட்டன. அவற்றில் பெரும்பாலானவை வழக்குப் போடாமல் பேசியே பெறப்பட்டவை.

ஏட்டுச்சுவடி:

ஒரு மாற்றுக் கருத்தை முன்வைக்க அனுமதியுங்கள். அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜார்ஜ் தார்ன்டன் எம்மன்ஸ் போன்றவர்கள் சேகரிக்காமல் விட்டிருந்தால், இன்று நாம் பேசிக்கொண்டிருக்கும் அணிகளில் பெரும்பாலானவை அலாஸ்காவின் ஓயாத மழையில் மரவீடுகளோடு சேர்ந்து அழிந்திருக்கும். அந்த மக்களின் இளைய தலைமுறைச் சிற்பிகளே தங்கள் முன்னோரின் கைத்திறனை அருங்காட்சியகச் சேகரிப்புகளைப் பார்த்துத்தான் மீண்டும் கற்றார்கள். எடுத்தது தவறு என்பதை ஏற்கிறேன். ஆனால் எடுத்ததால் விளைந்த நன்மையைப் பேசாமல் விடுவது வரலாற்றுக்கு நேர்மையன்று.

பனிக்கரை:

ஏட்டுச்சுவடி ஐயா சொல்வதில் சிற்பிகள் பற்றிய பகுதி உண்மை. எம்மன்ஸ் வெறும் கொள்ளையரும் அல்லர். கொலுவாக அடுக்கிவைக்காமல், ஒவ்வொரு பொருளும் எந்த ஊரில் எதற்குப் பயன்பட்டது என்று குறித்தவர். 1888இலும் 1894இலும் அவரிடமிருந்து பெரும் தொகுதிகளை வாங்கிய அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் செல்வத்தில் பாதியாவது அந்தக் குறிப்புகளில்தான் இருக்கும். ஆனால் அவற்றில் பல, ஷாமன்களின் கல்லறை வீடுகளிலிருந்து எடுக்கப்பட்டவை என்பதும் அந்தக் குறிப்புகளிலேயே இருக்கிறது.

அழிந்திருக்கும் என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. அழியட்டும் என்று வைக்கப்பட்ட பொருளை அழியாமல் காப்பாற்றியது யாருடைய விருப்பத்துக்காக? செம்மண்மேடு எழுதிய அஹயூடாவிலும் இதே கேள்விதான் எழுகிறது. காலச்சூழலையும் மறந்துவிடக் கூடாது. 1830களின் பெரியம்மையில் ஷாமன்களால் காப்பாற்ற முடியாதவர்கள் மாண்டதும், ரஷ்யர்களிடம் அம்மை குத்திக்கொண்டவர்கள் பிழைத்ததும் ஷாமன்களின் செல்வாக்கை ஏற்கெனவே குலைத்திருந்தன. 1867இல் அமெரிக்கா அலாஸ்காவை வாங்கியது; 1879 முதல் 1884 வரை கடற்படைதான் அங்கே அரசாங்கம். 1882இல் திமிங்கிலக் கப்பலில் வேட்டைத் துப்பாக்கி வெடித்து ஒரு டிலிங்கிட் ஷாமன் இறந்தார். அங்கூன் ஊரார் வழக்கப்படி இழப்பீடாக 200 கம்பளிகள் கேட்டனர். கடற்படை அந்த ஊரையே குண்டு வீசி எரித்தது. அதற்கு முறையான மன்னிப்பு 2024 அக்டோபரில்தான் வந்தது. வலிமை குடிகொண்டிருப்பதாக நம்பப்பட்டு ஒருபோதும் வெட்டப்படாத ஷாமன்களின் தலைமுடியை அதிகாரிகள் வலுக்கட்டாயமாக மழித்ததும் அதே காலத்தில்தான். எம்மன்ஸ் அலாஸ்காவுக்கு வந்ததும் 1882இல், அதே கடற்படையின் அதிகாரியாகத்தான். இப்படிப்பட்ட நாட்களில் ஒருவர் மனமுவந்து விற்றார் என்று ஆவணம் சொன்னாலும், அந்த மனமுவப்பை எவ்வளவு நம்பலாம்?

கனடாப் பக்கமும் கதை இதுதான். 1863இல் பழைய மெட்லகட்லாவில் வில்லியம் டங்கன் என்ற மதபோதகரிடமிருந்து ராபர்ட் டண்டஸ் பாதிரியார் பெற்ற சிம்ஷியன் பொருள்கள், 2006இல் நியூ யார்க் ஏலத்தில் ஏறத்தாழ 70 இலட்சம் டாலருக்குப் போயின. மதம் மாறியவர்கள் கைவிட்ட பொருள்களை அவர்களின் வழித்தோன்றல்களால் ஏலத்தில் எட்டிப் பிடிக்க முடியவில்லை.

1990ஆம் ஆண்டின் கல்லறைப் பாதுகாப்பு மற்றும் திருப்பியளிப்புச் சட்டம், கூட்டரசின் பணம் பெறும் நிறுவனங்களைத்தான் பழங்குடியினரின் கல்லறைப் பொருள்களையும் புனிதப் பொருள்களையும் பட்டியலிட்டுத் திருப்பித் தர வைக்கிறது. தனியார் அலமாரியில் இருப்பவற்றை அதே முறையில் கேட்டுப் பெற முடியாது. 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த புதிய விதிகளின்படி, இத்தகைய பொருள்களைக் காட்சிக்கு வைக்கவும் ஆய்வு செய்யவும் உரியவர்களின் முன் ஒப்புதல் வேண்டும். அருங்காட்சியகம் தயங்கும் பொருளைத் தனியொருவர் வாங்கினால் அது மீண்டும் கண்ணுக்கு எட்டாமல் போய்விடும்.

கடலாடி:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. அந்த ஏலத்தில் கலந்துகொள்ளப் போவதில்லை. விற்பவரிடம் ஆவணத் தொடரைக் கேட்டேன். "பழைய தனியார் சேகரிப்பு" என்பதைத் தவிர வேறு பதில் வரவில்லை. இருந்தாலும் வடக்கத்திய மக்கள் தந்தத்திலோ கொம்பிலோ செதுக்கிய ஒன்றை முறையாக வாங்க வழி உண்டா?

உளிமுனை:

உண்டு. புதிதாக வேட்டையாடிய வால்ரஸின் தந்தத்தில் செதுக்கி விற்கும் உரிமை அமெரிக்காவில் அலாஸ்காவின் பூர்வகுடியினருக்கு மட்டுமே. 1972ஆம் ஆண்டின் கடற்பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டம் தந்த விலக்கு அது. சிற்பியின் பெயரும் ஊரும் உள்ள ரசீது வாங்குங்கள். சில மாநிலங்கள் எல்லாவகைத் தந்த விற்பனையையும் தடை செய்திருப்பதால், நீங்கள் இருக்கும் மாநிலத்தின் சட்டத்தை முதலில் பாருங்கள்.

கிரீன்லாந்தின் டுபிலக் உருவங்களையும் பரிசீலிக்கலாம், அவற்றின் கதை சற்று வேடிக்கையானது. பகைவரைக் கொல்வதற்காக எலும்பு, தோல், முடி எல்லாம் சேர்த்துக் கட்டி, ஓதி, கடலில் விடப்பட்ட ஏவல்தான் உண்மையான டுபிலக். எதிரியின் வலிமை பெரிதானால் அது செய்தவரையே திருப்பித் தாக்கும் என்பதால் இரகசியமாகச் செய்தார்கள், யாரும் அதைப் பாதுகாத்து வைக்கவில்லை. 1884இல் குஸ்தாவ் ஹோல்ம் தலைமையிலான டேனியக் குழு கிழக்குக் கிரீன்லாந்தின் அம்மாசலிக் பகுதிக்குச் சென்றதற்குப் பின்னர், டுபிலக் எப்படி இருக்கும் என்று வெளியார் கேட்கப் போய், காட்டுவதற்காகச் செதுக்கத் தொடங்கினர். பல்லைக் காட்டி முழிக்கும் இன்றைய உருவம் அப்படிப் பிறந்தது. தொடக்கத்திலிருந்தே அயலாருக்காகச் செய்யப்பட்டது என்பதால் உங்களுக்கு உறுத்தல் இருக்காது. கலைமான் கொம்பில் செய்ததாகப் பார்த்து வாங்குங்கள். திமிங்கிலப் பல்லில் செய்ததை எல்லையிலேயே பறிமுதல் செய்துவிடுவார்கள்.